குளிருக்கு ஓர் ஒத்திகை

குளிரையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், அந்தக் குளிரின் நிழல்கூடத் தம் பிள்ளைமேல் விழலாகாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அதனால் ஒரு குடும்பத்தின் ஜப்பான் பயணம் சில நாள்களாகச் சாப்பாட்டு மேசையை விட்டு நகராமல் கிடந்தது.

அவரைக் குளிர்க்கிடங்கில் எல்லாரும் கரடியண்ணன் என்பார்கள். பஞ்சு வைத்துத் தைத்த மேலுடை, அதே தடிமனில் காற்சட்டை, காதை மூடிய தொப்பி, முழங்கால் வரை ஏறிய காலணி ஆகிய கோலத்தோடு உறைநிலை அறையிலிருந்து வெளிப்படும்போது அவருடைய புருவத்திலும் தாடியிலும் வெண்துகள் படிந்திருக்கும். கைகளைச் சற்றே அகற்றி, உடம்பை இப்புறமும் அப்புறமும் ஆட்டியபடி நடந்து வருவார். அந்தக் காட்சியைக் கண்டவர் எவர் வாயிலும் அந்தப் பெயர்தான் வரும். இயற்பெயர் ஊதியச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்று அவருடைய மனைவி கேலி செய்வாள்.

இளமையில் அவர் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் ஆளாகத்தான் அந்தக் கிடங்கின் வாசலுக்கு வந்தார். கோடை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், உள்ளே ஆள் வேண்டும் என்று அழைத்தார்கள். "வெயிலுக்குக் கொஞ்சம் ஒதுங்கலாம்னு உள்ள போனேன், அப்படியே ஒதுங்கிட்டேன்" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அன்று தொடங்கி ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அமர்ந்து, மீன் பெட்டியும் பட்டாணி மூட்டையும் ஐஸ்கிரீம் அட்டைகளும் அடுக்கிய பலகைகளை அடுக்குகளின் உச்சியில் ஏற்றுவதும் இறக்குவதுமே அவருடைய நாள்களாயின. ஏற்றிய பலகை எதுவும் அவர் கையில் சரிந்ததில்லை. புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர்தான் குளிரின் நெறிகளைச் சொல்வார். "ஒரே இடத்துல நிக்காத. இரும்பை வெறுங்கையால தொடாத. உடுப்பைக் கதவுகிட்ட வந்துதான் மாட்டணும். முன்னாடியே மாட்டிக்கிட்டு வேர்த்துப் போய் உள்ள நுழைஞ்சா, ஈரச்சாக்கைப் போர்த்திக்கிட்டு நுழையற மாதிரி." இப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஓதுவார் குரலின் நிதானம் இருக்கும்.

அவருக்குப் பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. பெரியவள் பள்ளிக்குப் போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் எட்டிப்பார்க்கும் வயது. சின்னவன் மழலை முற்றும் மாறாதவன். எதற்கும் "எனக்கும்" என்று கை நீட்டுகிறவன்.

சின்னவன் நாள் நிறையும் முன்பே பிறந்தான். செய்தி கேட்டுக் கிடங்கிலிருந்து நேரே மருத்துவமனைக்கு ஓடினார் கரடியண்ணன். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மார்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. தொடலாமா என்று கேட்டார். செவிலி அவர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இந்தக் கையோடயா? முதல்ல சூடு பண்ணிட்டு வாங்க" என்றாள். இயல்பாகச் சொன்ன சொல்தான். அவருக்கோ அது சாட்டையடிபோல் விழுந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அந்தச் சூடு போதும் என்று தமக்குத் தாமே நம்பிக்கை சொல்ல அன்று அவரால் முடியவில்லை. கண்ணாடிக்கு இப்பால் நின்று, பிள்ளையின் மார்பு எழும்போது தாமும் மூச்சிழுத்து, தாழும்போது தாமும் விட்டு, அந்தச் சின்னஞ்சிறு தாளத்துக்குத் தம் பெரிய உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்தார். எந்தத் தெய்வத்தை அழைத்தார் என்று அவருக்கே நினைவில்லை; அழைப்பு மட்டும் நிற்கவில்லை.

பிள்ளை பிழைத்தான். கொழுத்தான். ஓடினான், விழுந்தான், எழுந்தான். தந்தையின் நெஞ்சில் மட்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டி திறக்கப்படவே இல்லை. அவன் ஒருமுறை இருமினால் போதும்; கரடியண்ணன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்து அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். போர்வை, கதவடைப்பு, பிறகு நெடிய மௌனம். ஆட்டம் பாட்டம் எதுவானாலும் அன்றைக்கு அத்தோடு சரி.

இந்த நிலையில்தான் ஜப்பான் வந்து சேர்ந்தது.

அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்பச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பது அவள் பணி. நாளெல்லாம் பிறர் தெளிவாகப் பார்ப்பதற்கு உதவுகிறவளுக்கு, தான் பார்க்க ஒன்று இருந்தது: பனி பொழிவது. "மழைன்னா சத்தம் வரும். பனி விழும்போது சத்தமே வராதாமே. அது எப்படி இருக்கும்?" என்று திருமணமான புதிதிலேயே கேட்டாள். பெரியவளோ, மலைக்காட்டில் குரங்குகள் வெந்நீர்க் குளத்தில் அமிழ்ந்து, தலையில் மட்டும் பனி சுமந்து உட்கார்ந்திருக்கும் படமொன்றைப் பள்ளியில் பார்த்துவிட்டு வந்தாள். தாயின் ஆசையும் மகளின் ஆசையும் ஒரே மலையில் போய் முட்டின. ஆண்டிறுதி விடுமுறையும் தோதாக வந்தது. கரடியண்ணனும் விடுப்புச் சொல்லிவிட்டார். எல்லாம் கூடி வந்தது என்று அவள் நினைத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில்தான், மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தின் எதிரே அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லணும். நீயும் பெரியவளும் மலைக்குப் போயிட்டு வாங்க. நானும் சின்னவனும் கீழ, பெரிய ஊர்லயே, ஓட்டல்ல இருக்கோம். நல்ல ஹீட்டர் இருக்காம்."

மனைவி வரைபடத்திலிருந்து தலையை எடுத்தாள். "ஜப்பானுக்குப் போய் ஹீட்டரைப் பார்க்கவா? அதை இங்கயே கடைத்தெருவுல பார்த்துட்டு வந்துடலாமே."

"விளையாடாதம்மா."

"நான் எங்கங்க விளையாடறேன்? அந்த மலை விடுதிக்காரங்க நேத்துக்கூடக் கேட்டாங்க. எத்தனை பேரு, சின்னப் பையனுக்குத் தனிப் படுக்கையா, இல்ல அம்மா அப்பா கூடவே படுப்பானான்னு. இருக்கறது கொஞ்சம் அறைதான். இந்த வாரத்துக்குள்ள சொல்லலேன்னா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

"ரெண்டு பேருன்னு சொல்லு."

பெரியவள் இடையில் புகுந்தாள். "அப்பா, அப்ப பனிமனுஷனை நான் யாரு கூடச் செய்யறது?"

"அம்மா கூட."

"அம்மாவுக்குக் கண்ணாடியெல்லாம் பனி மூடிடும். மூக்கை முதுகுல வெச்சுடுவாங்க."

"அடியேய்!" என்றாள் தாய். சின்னவன் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி, "எனக்கும் தலையில பனி வேணும். குரங்கு மாதிரி" என்றான்.

"உனக்குத் தலையில தொப்பி. அது போதும்" என்றார் கரடியண்ணன். பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தாகமே இல்லாமல் அவர் குடித்த தண்ணீர் அது என்பது மனைவிக்குத் தெரியும்.

அவள் கத்துகிறவள் அல்லள். வளைந்த சட்டத்தை ஒரேயடியாக நிமிர்த்தினால் முறிந்துவிடும், சிறிது சிறிதாகச் சூடு காட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்று கைப்பழக்கத்தால் அறிந்தவள். மறுநாளே மூவரையும் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அந்த அம்மையார் சின்னவனின் மார்பிலும் முதுகிலும் குழலை வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"இவன் நெஞ்சுல ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்கு. படபடப்பு ஏதாவது கேக்கணும்னா உங்க நெஞ்சுலதான் கேக்கும் போல" என்று தந்தையைப் பார்த்துச் சிரித்தார். "பிறந்தப்ப பட்ட கஷ்டம் அப்பவே முடிஞ்சுபோச்சு. காஞ்ச துணி, தொப்பி, அப்பப்ப உள்ள வந்து சூடா ஏதாவது குடிக்கணும். மத்தபடி எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி பனியில புரளட்டும்."

கரடியண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டினாரே ஒழிய, தெருவுக்கு வந்ததும் பழைய பல்லவிதான்.

"அவங்களுக்குக் குளிர் தெரியாதும்மா. ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்காங்க."

"ஏசி குளிர் இல்லையா?"

"அது குளிரோட சித்தப்பா பையன். நான் சொல்றது குளிரை."

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்தப் பயணத்தில் அவள் வேண்டியது பனி மட்டுமன்று. நால்வரும் ஓரிடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிசயத்தைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். பின்னாளில் எவரும் மற்றவருக்கு அதை விவரித்துச் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. இருவர் மலையிலும் இருவர் அறையிலுமாகப் பிரிந்தால், அந்தக் கண்ணாடிப் பெட்டி கடல் கடந்தும் கூடவே வருகிறது என்றுதான் பொருள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் வேறொன்று கேட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச குளிர்ல அவனை ஒருதடவை நிக்க வெச்சுப் பார்க்கலாமா?"

அவர் நடப்பதை நிறுத்தினார். "கிடங்குலயா?"

"உறையற அறைக்கு யாரு கேட்டா? வெளிய ஒரு முன்னறை இருக்குன்னு சொல்வீங்களே, அங்க. பக்கத்துல நாம எல்லாரும் இருப்போம்."

அந்த யோசனை அவரை ஆட்கொண்டுவிட்டது. அங்கே என்றால் குளிர் அவர் கைக்குள் அடங்கியது. அதன் கதவும் கைப்பிடியும் அவருக்குத் தெரியும். "பார்க்கலாம். ஆனா உடுப்பு என் பொறுப்பு. நீ தலையிடக் கூடாது."

"சரி."

"அப்புறம், ஒரு இருமல். ஒரே ஒரு இருமல் வந்தாலும் அவனும் நானும் ஓட்டல்லதான்."

அவள் சற்றே தயங்கினாள். பிறகு, "சம்மதம். வரலேன்னா நாலு பேரும் மலைக்கு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது" என்றாள். கடைத்தெரு நடுவே நின்று கணவனும் மனைவியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சின்னவன் அதைப்பற்றி ஒன்றும் அறியாமல் அக்காவின் பையை இழுத்துக்கொண்டிருந்தான்.

கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மாள் கண்டிப்புக்குப் பெயர் போனவர். கரடியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் புருவத்தை உயர்த்தினார். "இத்தனை வருஷத்துல இந்த ஜப்பானுக்குத்தான் முதல் தடவையா லீவு கேட்ட. இப்ப லீவு நாள்ல உள்ள விடச் சொல்லிக் கேக்கற. சரி, முன்னறை வரைக்கும். உறைநிலைக் கதவுப் பக்கம் பிள்ளைங்க நிழல்கூடப் படக்கூடாது. நானும் கூட இருப்பேன்."

விடுமுறை நாளும் வந்தது. காலையிலேயே வெயில் தெருவில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது. கரடியண்ணன் சின்னவனைக் கட்டில்மேல் நிறுத்தி உடுத்தத் தொடங்கினார். உள்சட்டைமேல் இன்னொரு உள்சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் பயணத்துக்கென்று வாங்கிய பஞ்சு ஜாக்கெட். காலுக்கு உறைமேல் உறை. கழுத்துக்குத் துண்டு சுற்றோ சுற்று. முடிந்தபோது பிள்ளையின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்ட மறுத்து, பறக்கப் போகும் கோழிக்குஞ்சின் சிறகுபோல் நின்றன.

"அப்பா, தம்பிக்குக் கழுத்து எங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"உள்ள இருக்கு."

"மூச்சு விடறானா?"

"வாயை மூடு. கிளம்பு."

மனைவி தலையிடவில்லை. உடுப்பு அவர் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவள். ஆனாலும் தாயின் கை சும்மா இருக்குமா? மாற்றுத்துணி ஒரு செட்டும் துண்டும் அவள் பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

பேருந்து கூட்டமாக இருந்தது. பாலத்தருகே சாலைப் பணி. வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சின்னவன் முதலில் பாடினான். பிறகு நெளிந்தான். பிறகு, "அப்பா, கழட்டு" என்றான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் ராஜா."

"சுடுது."

"அங்க போனா சரியாயிடும்."

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் பிள்ளையையும் சன்னலுக்கு வெளியே இருந்த வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஊருக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டேவிட்டார். கடைசி நிறுத்தம் என்றார் கரடியண்ணன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கிடங்கின் சரக்கு மேடையை அடைந்தபோது சின்னவன் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. மேடையில் கால் வைத்தவன் அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, வீறிட்டு அழ ஆரம்பித்தான். கரடியண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"பார்த்தியா? உள்ள காலே வைக்கல, அதுக்குள்ள இப்படி. நான் சொன்னா யாரு கேக்கறீங்க? வாங்க, வீட்டுக்குப் போலாம். இதோட முடிஞ்சுது."

மனைவி குனிந்தாள். பிள்ளையின் காலருக்குள் கையை விட்டு, முதுகு வரை கொண்டுபோய், வெளியே எடுத்தாள். நனைந்த கையை அவர் முன்னால் நீட்டினாள்.

சாவிக்கொத்தோடு வந்த மேற்பார்வையாளர் அம்மாள் நின்று பார்த்தார். நடந்தது அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. "ஏன் கரடி, புதுசா வர்ற ஆளுங்களுக்கு முதல் நாள் நீ என்னவோ சொல்வியே. உடுப்பை எங்க வந்து மாட்டணும்?"

கரடியண்ணன் பிள்ளையின் ஜாக்கெட்டைப் பார்த்தார். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தது! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாமல் சொல்லியிருப்பார். பிள்ளை என்று வந்தபோது அச்சம் முன்னால் வந்து நின்று, கற்றது அனைத்தையும் உள்ளே வைத்துக் கதவடைத்துவிட்டது. குளிர் இன்னும் பிள்ளையைத் தீண்டவே இல்லை. அவனை அழவைத்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக அவரே பூட்டிய சட்டைகள். அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் அவனைப் புழுக்கத்துலயே வெச்சிருந்தேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"இப்ப மாத்திடலாம். என்ன ஆயிடுச்சு?" என்றாள் மனைவி. அவள் குரலில் வெற்றிக்களிப்பு இல்லை. ஊழியர்கள் உடம்பு காயவைக்கும் சூட்டறைக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனாள். உரித்தாள், துடைத்தாள், விசிறினாள். உலர்ந்த உள்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, ஜாக்கெட், தொப்பி; அவ்வளவே. அழுகை விக்கலாகி, விக்கல் பிஸ்கட்டாகி, பிஸ்கட் பேச்சாகிவிட்டது. இறுதியில் சின்னவன் தானே இறங்கி, "எங்க குளிர்?" என்று கேட்டான்.

மூவரும் கரடியண்ணனைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் இப்போதும் திரும்பிவிடலாம். அவர் எழுந்தார். முன்னறை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார்.

உள்ளே நீண்ட அறை. சாம்பல் நிறத் தரை. சுவரோரம் அடுக்கிய வெற்றுப் பலகைகள். உச்சியில் விசிறிகள் முனகிக்கொண்டிருந்தன. மறுகோடியில், தடித்த வெள்ளைக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் காவல்தெய்வம்போல் போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். சின்னவன் நான்கடி நடந்தான். நின்றான். பயந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரல்களின் இடையே வெண்மையாக ஏதோ கசிந்தது.

"அப்பா, நான் எரியறேனா?"

"இல்லடா!" என்று பெரியவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அது புகை இல்ல. உன் மூச்சு. பாரு, எனக்கும் வருது."

"என் மூச்சா? உள்ள இருந்தா வருது?"

"ஆமா."

"எவ்ளோ இருக்கு?"

அதற்கு எவருக்கும் விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி ஊதிப் பார்ப்பது. சின்னவன் கன்னங்களை உப்பி, கண்களை இறுக்கி, ஊதினான். முற்றிய இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதுபோல், அந்தச் சிறிய வாயிலிருந்து வெண்ணிறமாய்ப் புறப்பட்டது மூச்சு. அவன் முகத்தைவிடப் பெரிதாக விரிந்தது. மிதந்து மேலேறி மறைந்தது. மறைவதற்குள் அடுத்தது வந்தது. அதன்பின் அடுத்தது.

கரடியண்ணன் முழந்தாளிட்டு விட்டார். கண்ணாடிக்கு இப்பால் நின்று எந்த மூச்சுக்காகத் தவம் கிடந்தாரோ, அதன் உருவத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. மார்பு எழுந்தால் வந்தது என்று கொள்வார்; தாழ்ந்தால் போயிற்றே என்று பதைப்பார். இதோ, அது உருக்கொண்டு வந்து அவர் முகத்தருகே நிற்கிறது. இளஞ்சூடாக வந்து அவர் தாடியைத் தொடுகிறது. வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் காட்சியை அவருக்குக் காட்டியது எது என்று எண்ணிப் பார்த்தால், அவர் இத்தனை காலம் பகைவனாகக் கருதிய அந்தக் குளிர்தான். வாழ்நாள் முழுவதும் கூடவே உழைத்த ஒருவரின் நற்குணத்தைப் பிந்தி அறிந்தவர்போல் அவர் தலைகுனிந்தார்.

அக்காளுக்கும் தம்பிக்கும் போட்டி மூண்டது. யாருடைய மேகம் பெரிது? யாருடையது தூரம் போகும்? பெரியவள் ரயில் எஞ்சின் ஆனாள்; சின்னவன் டிராகன் ஆனான். டிராகன் எஞ்சினைத் துரத்தியது. பலகைகளைச் சுற்றி ஓடி, சிரித்து, சிரிப்போடு மூச்சை இழுத்து, ஊதி, மறுபடி சிரித்து, அப்போதுதான் அது வந்தது.

இருமல். ஒன்றே ஒன்று.

பெரியவள் ஓட்டத்தை நிறுத்தினாள். மனைவி கணவரைப் பார்த்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அவள் வாய் திறந்து வாதாடப் போவதில்லை. சின்னவனும் நின்றுவிட்டான். இருமினால் என்ன நடக்கும் என்பதை அவன் நன்கு அறிவான். மெல்ல நடந்து தந்தையிடம் வந்தான். சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்று அவனாகவே தீர்மானித்து, தூக்கிக்கொள் என்பதுபோல் இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.

நீண்டிருந்த கைகளைக் கண்டபோது கரடியண்ணனுக்கு நெஞ்சை அறுத்தது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அவ்வளவு பழகிவிட்டான் பிள்ளை. யார் பழக்கியது?

அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இழுத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஓடிவந்த களைப்பின் தடதடப்பு மட்டும்தான்.

"சிரிச்சுக்கிட்டே மூச்சை இழுத்தா அப்படித்தான்டா வரும்" என்றார். "எனக்குக்கூட வரும். போ, ஓடு. அக்கா ஜெயிச்சுடப் போறா."

சின்னவன் நம்பவில்லை. நீட்டிய கைகளை இறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போடான்னா! டிராகன் யாராவது அப்பாகிட்ட வந்து நிக்குமா?"

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

மனைவி அருகில் வந்து அவர் தோளைப் பற்றி எழுப்பினாள். "இருமல் வந்துச்சே" என்றாள் மெல்ல.

"வந்துச்சு."

"அப்ப?"

"எனக்குக் கேக்கல" என்றார் கரடியண்ணன். மேற்பார்வையாளர் அம்மாள் கோடியிலிருந்து, "எனக்கே இங்க கேட்டுச்சே, உனக்கா கேக்கல?" என்று உரக்கக் கேட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பின் காரணம் விளங்காமல் அவரும் கூடச் சிரித்து வைத்தார்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. சட்டைகளும் ஸ்வெட்டரும் ஒரு மூட்டையாகக் காலடியில் கிடந்தன. சின்னவன் தந்தையின் மடியில், வாய் திறந்தபடி உறங்கிப்போனான். மனைவி கைபேசியை எடுத்து மலை விடுதிக்கு விவரம் அனுப்பத் தொடங்கினாள்.

"பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு. சின்னவனுக்குத் தனிப் படுக்கை வேணுமான்னு திரும்பக் கேக்குது."

"வேணாம். நடுவுல படுத்துக்குவான்."

"நடுவுல படுத்தாலும் உதைப்பான்."

"உதைக்கட்டும்."

அவள் விரல் திரைமேல் நின்றது. "பயமில்லையா உங்களுக்கு?"

"இருக்கு" என்றார் ஒளிக்காமல். "அதையும் கூட்டிட்டுத்தான் போகணும். நல்ல வேளை, அதுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்."

அவள் அனுப்பிவிட்டாள். முன் இருக்கையிலிருந்து பெரியவள் முட்டிபோட்டுத் திரும்பினாள். அவளுக்கு ஓர் ஐயம் எழுந்திருந்தது.

"அப்பா, அந்தக் குரங்குக்கெல்லாம் இருமல் வருமா?"

"வராம இருக்குமா? வெந்நீர்ல உட்கார்ந்துக்கிட்டே இருமும்."

"அப்ப அதோட அப்பா என்ன பண்ணும்?"

அவர் யோசித்தார். பனி சுமந்த தலையோடு ஒரு கிழட்டுக் குரங்கு, குட்டியின் இருமலைக் கேட்டும் கேளாததுபோல் கண்ணை மூடி வெந்நீரில் கிடக்கும் கோலம் அவர் மனக்கண்ணில் எழுந்தது. இத்தனை நாள்களில் முதன்முறையாக, அந்த மலையில் தமக்கும் பார்க்க ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

"தெரியலையேம்மா. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அந்தக் குளத்துக்குப் போக எவ்வளவு தூரம் நடக்கணும்? காட்டுவழின்னு சொன்னியே, தள்ளுவண்டி ஏறுமா, இல்ல இவனைத் தோள்ல போட்டுக்கணுமா?" என்று கேட்டார்.

அவள் வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து, உறங்கும் பிள்ளையின் முதுகின்மேல் விரித்தாள்.